மாட்டுங்காவில் ஒரு நாள் முழுவதும் வெளியே சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செம்பூரில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஊரிலிருந்து மும்பைக்கு வரும் உறவினர்களும், புதிதாக வேலை கிடைத்துப் பவாயிலோ தாணேயிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களும், "ஒரு நாள் நிம்மதியாக வெளியே சாப்பிட வேண்டும், எங்கே போகலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் மும்பையில் தென்னிந்திய உணவகங்கள் நிறைந்த மாட்டுங்காப் பேட்டையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவ்வாறு சொன்னவுடன் அடுத்தடுத்து வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மும்பை இவ்வளவு பெரிய நகரமாயிற்றே, ஒரு நாள் முழுவதையும் ஏன் ஒரே பேட்டையில் கழிக்க வேண்டும்?

மும்பையில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கே பாதி நாள் கரைந்துவிடும் என்பதுதான் முதல் காரணம். காலையில் கொலாபாவில் ஒரு கடை, மதியம் பாந்திராவில் ஒரு கடை, மாலையில் சௌபாத்தியில் ஒரு கடை என்று திட்டம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாலையில் வீடு திரும்பும்போது எதைச் சாப்பிட்டோம் என்பதைவிட எங்கே நெரிசலில் நின்றோம் என்பதையே அதிகம் பேசுவார்கள்.

பசிதான் இரண்டாவது காரணம், அதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். வெளியே சாப்பிடும் நாளில் நமக்கு உண்மையில் தேவைப்படுவது மூன்று நல்ல பசிகள்: காலையில் ஒன்று, பகலில் ஒன்று, மாலையில் ஒரு சிறு பசி. மாட்டுங்காவில் கடைக்கும் கடைக்கும் இடையே பத்து நிமிடம் நடந்தால் போதும், மர நிழலும் உண்டு. அதனால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் மெதுவாக நடந்து, உட்கார்ந்து, மீண்டும் பசியை வரவழைத்துக்கொள்ள முடிகிறது. ஒரே காலையில் நான்கு கடைகளில் ஏறி இறங்கி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும், அதற்குப் பிறகு சாப்பிடுவது எதுவும் நாக்கில் நிற்காது.

மாட்டுங்காவில் இத்தனை தென்னிந்திய உணவகங்கள் எப்படி வந்தன?

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, நெருக்கமான பழைய குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகலமான சாலைகளும் தோட்டங்களும் கொண்ட புதிய குடியிருப்புகளை அந்த அமைப்புதான் திட்டமிட்டது. 1920-களிலும் 1930-களிலும் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று பல பக்கங்களிலிருந்து கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் வந்த நம்மவர்கள் இங்கே வீடு பிடித்தார்கள். பள்ளிக்கூடம், பஜனை சமாஜம், கோயில், சங்கீத சபை எல்லாம் அவர்கள் பின்னாலேயே வந்தன.

அவர்களுள் பலர் திருமணமாகாதவர்கள், அல்லது குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். மாதக் கணக்கு வைத்து அவர்களுக்குச் சோறு போட்ட இடங்களுக்கு 'போர்டிங்' என்றும் 'லஞ்ச் ஹோம்' என்றும் பெயர் வழங்கியது. இந்தப் பெயர்கள் சில பலகைகளில் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஆனால் சமைத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் அல்லர். உடுப்பி, மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த கன்னடம், துளு, கொங்கணி பேசும் மக்கள். தமிழ்நாட்டு நாக்குக்காகக் கர்நாடகக் கரையோரத்துக் கை சமைத்த உணவுதான் மாட்டுங்கா உணவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை எளிதாகிவிடும்.

எந்த நாளில் வருவது நல்லது?

செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால், அதற்கு இணை வேறில்லை. பின்னால் நான் சொல்லப்போகும் கடைகளில் கஃபே மெட்ராஸ், ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகிய இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பிறகு நகரத்தின் பாதிப் பேர் இட்லி தின்ன இங்கேதான் வருகிறார்களோ என்று தோன்றும்.

ஞாயிறுதான் முடியும் என்றால், அன்று ரயில்வேயின் மெகா பிளாக் (பராமரிப்புக்காகத் தடத்தை மூடும் நேரம்) எந்தத் தடத்தில் என்பதை முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுங்கா, முலுண்டு இடையே விரைவுத் தடத்தில் பராமரிப்புப் பணி நடந்தால், விரைவு வண்டிகளையும் மெதுவண்டித் தடத்திலேயே விடுவார்கள். எல்லா வண்டிகளும் தாமதமாகும்.

ஜூலை மாதத்தில் வருபவர்களுக்கு ஒரு சொல்: மாட்டுங்காவிலேயே இருக்கும் கிங்ஸ் சர்க்கிளின் காந்தி மார்க்கெட் பகுதி பெருமழையில் தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போனது. கனமழை எச்சரிக்கையும் கடல் ஓதம் ஏறும் நேரமும் ஒன்றாக வரும் நாளில் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

எப்படி வந்து சேர்வது?

மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தில் இறங்குவதே எளிது. அங்கே மெதுவண்டிகள் மட்டுமே நிற்கும். இந்த நிலையத்தை 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தி வருகிறார்கள் என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். மேற்கு ரயில்வேயில் 'மாட்டுங்கா ரோடு' என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. பெயர்க் குழப்பத்தில் அங்கே இறங்கிவிட்டால் தண்டவாளங்களைக் கடந்து கிழக்கே வர வேண்டியிருக்கும். ஹார்பர் தடத்தில் வருபவர்களுக்குக் கிங்ஸ் சர்க்கிள் நிலையம் உண்டு. செம்பூர்ப் பக்கத்திலிருந்து அதற்கு வர வடாலாவில் வண்டி மாற வேண்டும். நான் குர்லா வரை வந்து, மெதுவண்டி பிடித்து, சயானுக்கு அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவேன்.

சொந்த வண்டியில் வர வேண்டாம். நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப் பசி தீர்ந்துவிடும்.

காலை டிபனுக்கு எந்தக் கடை? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

விடியற்காலையில் வந்துவிடுபவர்களுக்கு ராம் ஆஸ்ரயா. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் இந்தக் கடை 1939-இல் தொடங்கப்பட்டது. நடைப்பயிற்சி முடித்த பெரியவர்களும், பூக்கடைக்காரர்களும், இரவுப் பணி முடித்துத் திரும்புபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கடைக்கே தனி அமைதி இருக்கும். இங்கே அன்னாசி ஷீராவைத் தவறவிடக் கூடாது. ஷீரா என்றால் நம் ரவை கேசரிதான், ஆனால் நம் வீட்டுக் கேசரியைப் போல நிறப்பொடி தூக்கலாக இராது. ரவை குழைந்து, நெய் தெரிந்தும் தெரியாமலும் இருக்க, இடையிடையே பழத்துண்டின் புளிப்பு தட்டும்.

எட்டு மணிவாக்கில் வருபவர்களுக்குக் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ். 1940 முதல் ஒரே குடும்பத்தார் நடத்தி வரும் கடை. பெயரைப் பார்த்துச் சென்னைக்காரர் கடை என்று நினைத்துவிடுவார்கள். கொங்கணிக் குடும்பம் ஒன்றுதான் இதை நடத்துகிறது. ரசவடை, பொடி இட்லி, ராகி தோசை, நீர் தோசை ஆகிய நான்கில் எதையும் நம்பிக் கேட்கலாம். இரண்டு பேர் போனால் ஒரு ரசவடையும் ஒரு நீர் தோசையும் சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்பது என் யோசனை. ரசத்தில் ஊறிய வடையின் காரத்துக்குப் பிறகு, அரைத்த அரிசியின் ஈரம் போகாத அந்த வெள்ளைத் தோசையைத் தேங்காயும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடும்போது, கரையோரக் கர்நாடகத்துக் காலை எப்படி இருக்கும் என்பது ஒரே தட்டில் விளங்கிவிடும்.

மைசூர் மசாலா தோசையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மும்பையில் அந்தப் பெயருக்குத் தோசையின் உட்புறத்தில் சிவப்புச் சட்னி தடவிய மசாலா தோசை என்று பொருள். மைசூரில் உங்களுக்குக் கிடைத்த தடித்த, மெத்தென்ற தோசையை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இதை இதுவாகவே சாப்பிட்டால் நன்றாக இருக்கும்.

எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் கால் பங்கு இடம் மீதி வையுங்கள். மதியத்துக்கு அது வேண்டும்.

வாசலில் இவ்வளவு கூட்டமா? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முக்கால் மணி நேரம்வரை நின்றதுண்டு. வார நாள் காலை ஏழரை மணிக்குப் போனபோது நேராக உள்ளே போய் உட்கார்ந்ததும் உண்டு. ஆறு பேராக வருபவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்காரச் சம்மதித்தால் இடம் சீக்கிரம் கிடைக்கும்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைகளில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார நேரும். சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா முதலில் இதற்குச் சங்கடப்பட்டார். எதிரே உட்கார்ந்திருந்த குஜராத்திப் பெரியவர், தாம் கல்லூரி நாளிலிருந்து இங்கே வருவதாகச் சொல்லி, சட்னியை எந்தப் பதார்த்தத்தோடு சேர்க்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கே பாடம் நடத்தத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் இருவரும் தத்தம் பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மும்பைக்குப் போய்வந்ததைப் பற்றிச் சித்தப்பா இன்றும் சொல்லும்போது முதலில் நினைவுகூர்வது அந்தப் பெரியவரைத்தான்.

சாப்பிட்டு முடித்தபின் மேசையில் உட்கார்ந்து கதை பேசாமல் எழுந்துவிடுவது மட்டும் இங்கே முக்கியமான மரியாதை. வெளியே நிற்பவர்களுக்கும் பசிக்கும் அல்லவா?

சாம்பார் ஏன் இனிக்கிறது?

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சற்றுக் கோபமாகவே கேட்கிறார்கள். உடுப்பிச் சமையலில் வறுத்தரைத்த மசாலாவோடு தேங்காய் சேரும், புளியின் கூர்மையை மட்டுப்படுத்த ஒரு துண்டு வெல்லமும் சேரும். கிருஷ்ணன் கோயிலின் மடைப்பள்ளி மரபில் வளர்ந்த சமையல் அது. வெங்காயமும் பூண்டும் இல்லாமலேயே சுவை கூட்ட வேண்டியிருந்ததால், தேங்காய், வெல்லம், பெருங்காயம், கறிவேப்பிலை இவற்றின் கூட்டில் அவர்கள் தேர்ந்துவிட்டார்கள். எல்லா உடுப்பிக் கடைகளும் இன்று வெங்காயத்தை விலக்குவதில்லை என்றாலும், வெல்லத்தின் கை மட்டும் மாறவில்லை.

திருநெல்வேலி சாம்பாரையோ கும்பகோணம் கடப்பாவையோ இங்கே தேடாதீர்கள். முதல் இரண்டு வாய்க்கு அந்நியமாகத் தோன்றும் இந்தச் சாம்பார், மூன்றாவது வாயிலிருந்து இட்லியின் புளிப்போடு எப்படிச் சேர்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். எனக்குப் பழக ஓராண்டு ஆயிற்று. இப்போது ஊருக்குப் போகும்போது அங்கே இது கிடைக்கவில்லையே என்று நினைக்கிறேன்.

காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே என்ன செய்வது?

நடக்க வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் மல்லிகைச் சரம், வாழையிலை, முருங்கைக்காய், சேனை, வாழைத்தண்டு, வாழைப்பூ எல்லாம் குவிந்திருக்கும். பூக்கட்டுபவர்களில் பலர் தமிழில் பேசுவார்கள். கோயிலுக்குப் போகும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஆஸ்திக சமாஜம் பக்கத்திலேயே இருக்கிறது. புத்தகம், பூஜைப் பொருள், ஸ்லோக ஒலிப்பதிவு வாங்குபவர்களுக்குக் கிரி டிரேடிங் கடை உண்டு.

வெயில் அதிகமில்லாத நாளில் ஃபைவ் கார்டன்ஸ் வரை நடந்து போய்வருவதை நான் மிகவும் விரும்புகிறேன். இருபது நிமிட நடைதான். மேம்பாட்டு அறக்கட்டளைக் காலத்தில் வகுக்கப்பட்ட பார்சி காலனியின் நடுவே ஐந்து சிறு தோட்டங்கள். மரங்கள் கூரைபோல வளைந்து நிற்கும் சாலைகள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால், காலையில் சாப்பிட்டது எங்கே போயிற்று என்றே தெரியாது.

மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுவது? இலைச் சாப்பாடு உண்டா?

உண்டு. இந்த நாளின் நடுநாயகமே அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-இல் தொடங்கியது. அளவுச் சாப்பாடு தட்டிலும், அளவில்லாத சாப்பாடு வாழையிலையிலும் வரும். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பகல் பந்தி முடிந்தால் கடையை மூடிவிட்டு இரவுக்குத்தான் திறப்பார்கள் என்பதால், சாவகாசமாக மூன்று மணிக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு முன்பே படியேறிவிடுவது என் பழக்கம்.

தமிழ்நாட்டுப் பந்தியிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று கேட்டால், முதலில் பூரியிலோ சப்பாத்தியிலோதான் தொடங்கும். காய்கறிகளை அதோடு சாப்பிட்டு முடித்த பிறகே சோறு. வட இந்தியப் பழக்கமும் தென்னிந்தியப் பழக்கமும் மும்பையில் செய்துகொண்ட உடன்படிக்கை அது என்று எனக்குத் தோன்றும். சோற்றுக்குப் பிறகு சாம்பார், ரசம், தயிர், மோர் என்று நமக்குத் தெரிந்த வழியில் போகலாம். நம் ஊரில் சாம்பாருக்குப் பிறகு ரசம். கர்நாடகக் கல்யாணப் பந்தியிலோ சாறு என்று அவர்கள் சொல்லும் ரசத்துக்கே முதலிடம். எது முதலில் வேண்டும் என்று சொல்லிவிட்டால் பரிமாறுபவர் அதையே ஊற்றுவார்.

பூரியில் மயங்கிவிடாதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே எச்சரிக்கை. சுடச்சுட வரும், கேட்கக் கேட்க வரும். நான்கு பூரி சாப்பிட்டவருக்கு ரசம் சோற்றின் அருமை தெரியாது. இரண்டோடு நிறுத்திக்கொண்டு, ரசத்தைக் கொஞ்சம் சோற்றில் தளரப் பிசைந்து, மீதியைக் கையில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். மிளகும் கொத்தமல்லியும் மூக்குவரை ஏறும். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை என்பதை நான் பல முறை கவனித்திருக்கிறேன்.

அளவில்லாத சாப்பாடு என்பதற்காக வாங்கி வைத்து வீணாக்குவது இங்கே யாருக்கும் பிடிக்காது. பரிமாறுபவர் கொண்டுவரும்போது கையை இலைக்கு மேல் நீட்டித் தடுத்தாலே போதும், புரிந்துகொள்வார். மறுபடி வேண்டும் என்றால் அவரே திரும்பி வருவார்.

இலையில் சாப்பிட்டுப் பழக்கமில்லாத நண்பர்களை அழைத்துவரலாமா?

தாராளமாக. இலையின் குறுகிய நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்கும், மேல்பாதியில் காய்கறியும் ஊறுகாயும், கீழ்ப்பாதியில் சோறு என்பதைச் சொல்லிக்கொடுங்கள். சோற்றை நடுவில் குழித்து அதில் குழம்பை வாங்கினால் இலையைத் தாண்டி ஓடாது. முடித்ததும் இலையைத் தம் பக்கமாக மடிக்க வேண்டும். ஸ்பூன் கேட்டால் கொடுப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயதானவர்களையும் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் அழைத்து வரும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ராமநாயக்குக்குப் படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஏற முடியாது என்றால், தரைத் தளத்தில் இருக்கும் வேறு கடையில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் கீழே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். உணவுக்கு முன் எடுக்க வேண்டிய மருந்தை வீட்டிலேயே எடுத்துவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் சாப்பாடு கிடைக்காமல் நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். என் அத்தைக்கு ஒரு முறை அப்படி வாசலிலேயே வியர்த்துக் கை நடுங்கியது. அவசரமாக ஒரு வெல்லத் துண்டு வாங்கி வாயில் போட்டோம். அன்றிலிருந்து மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, கையில் ஏதாவது இனிப்போடுதான் கிளம்புகிறோம். காபியைச் சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்பவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கைக்குழந்தைகள், சிறு பிள்ளைகள்?

காரமில்லாமல் இட்லி, தயிர்சாதம், நீர் தோசை என்று பிள்ளைகளுக்கு உகந்தவை நிறைய இருக்கின்றன. குழந்தைக்கான உயர நாற்காலி எல்லாக் கடையிலும் இருக்காது, மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும் சாம்பார் வாளியோடு பரிமாறுபவர்கள் மேசைகளுக்கு இடையே வேகமாகப் போவார்கள். ஓடும் வயதுப் பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள்.

மாலைக் காபி எங்கே நன்றாக இருக்கும்?

காலை டிபனுக்குச் சொன்ன இரண்டு கடைகளிலும் குறை சொல்ல முடியாது. நல்ல காபியின் இரகசியம் டிகாக்‌ஷன் புதிதாக இறங்கியதா என்பதில்தான் இருக்கிறது. அடுக்கு ஃபில்டரில் கொதிநீர் தூளின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரமாவது வேண்டும். கூட்டம் தொடர்ந்து வரும் கடைகளில் டிகாக்‌ஷன் பழசாக நேரமே இருப்பதில்லை. அதனால்தான் மாலை ஐந்து மணிக் காபி மூன்று மணிக் காபியைவிட நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

வீட்டுக்குத் தூள் வாங்கிப் போக விரும்புபவர்களுக்கு, கொட்டையை வறுத்து உடனே அரைத்துத் தரும் கடைகள் இந்தப் பேட்டையில் இன்றும் இருக்கின்றன. பீபெரி (உருண்டையான ஒற்றைக் காபிக்கொட்டை) எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று சொல்லி அரைத்து வாங்கலாம். சிக்கரி சேர்ந்தால் காபி கெட்டியாகவும் கறுப்பாகவும் தெரியும், ஆனால் கொட்டையின் மணம் பின்வாங்கும். எங்கள் வீட்டில் எண்பதுக்கு இருபது. முதல் முறை வாங்குபவர்கள் நூறு கிராமோடு நிறுத்திக்கொண்டு, வீட்டில் போட்டுப் பார்த்த பிறகு விகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பில்லில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? சேவைக் கட்டணம் கொடுத்தாக வேண்டுமா?

சாதாரண உணவகங்களில் உணவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது அரசுக்குப் போகும் வரி, கொடுத்தே ஆக வேண்டும். சேவைக் கட்டணம் வேறு. அதை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவை செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயமில்லை.

மாட்டுங்காவின் பழைய கடைகளில் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. நகரின் வேறொரு பகுதியில் இருக்கும் புதுமையான உணவகம் ஒன்றில், என் தங்கையின் பிறந்தநாளன்று, பத்து சதவீதம் சேவைக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டு, நீக்கச் சொன்னதற்கு மேலாளர் எங்களை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். இறுதியில் நீக்கினார்கள், ஆனால் அந்த மாலையின் மகிழ்ச்சி போய்விட்டது. அப்படி நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அந்த எண்ணை அங்கேயே அழைப்பதாகச் சொன்னாலே பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

பரிமாறியவருக்கு நீங்களாக மனமுவந்து கொடுப்பது வேறு கதை. காலை ஐந்து மணியிலிருந்து நின்றபடி வேலை செய்பவர் அவர். நான் கொடுப்பதைப் பில் தட்டில் வைக்காமல் அவர் கையிலேயே, ஒரு நன்றிச் சொல்லோடு கொடுக்கிறேன். சில்லறை நோட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

அசைவம் கிடைக்குமா?

இந்தப் பழைய உடுப்பிக் கடைகள் அனைத்தும் சைவமே. அசைவம் வேண்டுபவர்கள் அதற்கென்று இன்னொரு நாளை வைத்துக்கொள்வது நல்லது.

புகைப்படம் எடுக்கலாமா?

உங்கள் தட்டை எடுக்கலாம். பக்கத்து மேசைக்காரர் சாப்பிடுவதையும், வேலை செய்பவரின் முகத்தையும் கேட்காமல் எடுக்காதீர்கள். தோசையை எடுத்து முடிப்பதற்குள் அது துவண்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மொறுமொறுப்புக்கு ஆயுள் இரண்டு நிமிடம்தான்.

இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டுத் திரும்பலாமா?

சண்முகானந்தா அரங்கில் கச்சேரி இருக்கும் நாளாக இருந்தால் இருந்துவிடுங்கள். 1963-இல் திறக்கப்பட்டு, 1990-இல் தீ விபத்தில் எரிந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எழுந்த அரங்கம் அது. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே போகலாம். கச்சேரிக்கு முன் ஒரு காபியும், முடிந்த பிறகு ஒரு இட்லியும் போதுமானவை.

கச்சேரி இல்லாத நாளில், மாலைக் காபியோடு புறப்பட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. ஏழு மணிக்குப் பிறகு மத்திய ரயில்வேயின் வண்டிகளில் முதியவர்களோடு ஏறுவது கடினம். நாங்கள் திரும்பும் வழியில் சந்தையில் இரண்டு முழம் மல்லிகையும் ஒரு கட்டு வாழையிலையும் வாங்கிக்கொள்வோம். அன்றிரவு வீட்டில் மோர்சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் மட்டும்தான், ஆனால் அதையும் இலையில்தான் போட்டுச் சாப்பிடுவோம்.